புது பேட்டரி போட்டும் இழுக்காத செல்ஃப்

"வண்டி லேட்டா ஸ்டார்ட் ஆகுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) சுற்றுவதே மெதுவாக இருக்கிறதா, இல்லை செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க நேரமாகிறதா? முதலாவது என்றால் கோளாறு கரண்ட் பக்கம்: பேட்டரி, கேபிள், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி), செல்ஃப் மோட்டார். இரண்டாவது என்றால் பெட்ரோல், காற்று, பிளக், சென்சார் பக்கம். மீட்டர் எதுவும் வேண்டாம், காதை வைத்தே இதைப் பிரித்துவிடலாம். போன வருடம் நான் வாங்கிய பழைய காரில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருந்தன, ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், சின்னக் கார். தூத்துக்குடிப் பதிவு. பத்து வருடத்துக்கு மேல் கடற்காற்றில் நின்ற வண்டி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பாடியில் பெரிய துரு இல்லை, இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. பானட்டைத் திறந்தால் உள்ளே பளபளவென்று புது பேட்டரி. விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "காலையில சரியா இழுக்கல தம்பி, அதான் மாத்திட்டேன்" என்றார். பழைய வண்டியில் புது பேட்டரி இருந்தால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பழைய பேட்டரி வயதாகிப் போயிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் இழுக்காத செல்ஃபுக்கு மருந்தாகப் பேட்டரியை மாற்றியிருந்தால், நோய் இன்னும் வண்டியிலேயே இருக்கலாம்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போய்விட்டேன். இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். நாம் வருவதற்குள் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறு பாதி வெளியில் தெரியாது. செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றியது. அதைச் சொல்லி விலையைக் குறைத்து, மதுரைக்கு ஓட்டி வந்தேன்.

வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பியபோது அதன் உண்மையான நிலை தெரிந்தது. உர்ர்… உர்ர்… உர்ர் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சு வாங்கியது. ஆறியிருக்கும்போது சுமார், சூடானால் மோசம். இப்படி இருந்தால் செல்ஃப் மோட்டார்தான் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடுவார்கள். எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அதையேதான் சொன்னார்: "செல்ஃபக் கழட்டிரலாம்ணே, பிரஷ்ஷு போயிருக்கும், நாலாயிரத்து ஐநூறு ஆகும்." மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் பிரஷ் தேய்ந்தாலும், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, சுற்றும் பாகமான ஆர்மேச்சர் உரசினாலும் இதே சத்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சின்ன விஷயம் எனக்கு உறுத்தியது. செல்ஃப் அடிக்கும்போது வண்டிக்குள் இருக்கும் ரூஃப் லைட் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பேட்டரி வலுவில்லாமல் இருந்தாலோ, உள்ளே உரசும் மோட்டார் கரண்டை அள்ளிக் குடித்தாலோ அந்த லைட் அணையப் போகிற மாதிரி மங்க வேண்டும். இங்கே லைட் எரிகிறது, செல்ஃப் மட்டும் முனகுகிறது. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று தோன்றியது.

சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். நானூறு, ஐநூறு ரூபாய் மீட்டரே இதற்குப் போதும்.

முதலில் சுலபமானவை. இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது. 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2-க்கு வந்தால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம், ஆக இது நல்ல நிலைமை. இன்ஜின் ஓடும்போது 14.2, ஏசியும் ஹெட்லைட்டும் போட்ட பிறகு 13.9. டைனமோ நன்றாக வேலை செய்கிறது. வண்டியைப் பூட்டி வைத்தபின் திருட்டுக் கரண்ட் போகிறதா என்று பார்த்ததில் 25 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருந்தால் கவலை இல்லை. பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட்டும் செய்தாயிற்று, அதிலும் பாஸ்.

அடுத்ததுதான் முக்கியம். செல்ஃப் சுற்றும்போதே அளக்க வேண்டும். அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், அவனைச் சாவியில் உட்கார வைத்தேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றியாயிற்று. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்தாயிற்று. செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது, நடுவில் அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல மோட்டாரையும் நாமே கருக்கிவிடுவோம்.

"அடிக்கவா மாமா?"

"அடி. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 10.7 வோல்ட். 9.6-க்குக் கீழே போகாதவரை பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் மீட்டரின் ஒரு ப்ரோபை (அளக்கும் முனையை) செல்ஃப் மோட்டாரின் பெரிய நட்டிலும், இன்னொன்றை மோட்டாரின் உடம்பிலும் வைத்தேன். 7.7 வோல்ட். பேட்டரியிலிருந்து கிளம்பிய 10.7-இல் மூன்று வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. இத்தனை குறைந்த வோல்ட்டேஜில் எந்தச் செல்ஃபும் இப்படித்தான் சுற்றும்.

எங்கே காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்க, கரண்ட் போகும் வழியில் ஒவ்வொரு துண்டுக்கும் குறுக்கே மீட்டரை வைத்து அளக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவ் முனையில் ஒரு ப்ரோப், செல்ஃப் நட்டில் ஒரு ப்ரோப், செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருப்பதால் பாசிட்டிவ் பக்கம் சரி. அடுத்து பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒன்று, இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டின் தலையில் ஒன்று. மீட்டரில் 2.7. இந்தப் பக்கம் 0.2, மிஞ்சினால் 0.3 இருக்கலாம். கோளாறு எர்த்தில்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

இந்த வண்டியில் நெகட்டிவ் கேபிள் பேட்டரியிலிருந்து பாடிக்கு வருகிறது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் போகிறது. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அந்த ஒரு ஒயர் வழியாகத்தான் செல்ஃபின் கரண்ட் முழுவதும் திரும்பி வர வேண்டும். துண்டு துண்டாக அளந்ததில் பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே 0.1, கேபிளில் 0.1, மீதி 2.5 வோல்ட் முழுக்க அந்தக் கியர்பாக்ஸ் எர்த் ஒயரில். நாலைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டு அதன் நுனியில் போல்ட் மாட்டும் உலோக வளையமான திம்பிளைத் தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. எலக்ட்ரீஷியனிடம் கடன் வாங்கிய, ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரில் செல்ஃபின் கரண்ட் 120 ஆம்பியர் காட்டியது. 2.5 வோல்ட்டை 120-ஆல் பெருக்கினால் 300 வாட். மோட்டாரைச் சுற்ற வேண்டிய சக்தியில் அவ்வளவும் ஒரு சுண்டுவிரல் அகலத் திம்பிளில் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

இதே ஒயரைச் சாதாரணமாக மீட்டரில் ஓம் (தடை அளவு) வைத்து, பீப் சத்தம் கேட்டுப் பார்த்தால் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் மீட்டர் சொல்லும். நானும் பார்த்தேன், பீப் அடித்தது. 2.5 வோல்ட்டை 120 ஆம்பியரால் வகுத்தால் வருவது 0.02 ஓம். மீட்டரின் ப்ரோப் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும்போது இது எப்படித் தெரியும்? ஒரு சின்ன பல்பை எரிய வைக்கும் கரண்டுக்கு அந்த 0.02 ஒன்றுமே இல்லை, 120 ஆம்பியருக்கு அதுவே முட்டுச்சுவர். அதனால்தான் கனமான கரண்ட் போகும் ஒயர்களை வேலை செய்யும்போது மட்டுமே அளக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். பேட்டரியும் செல்ஃபும் வீணாக மாற்றப்படுவதற்கு இந்த பீப் சத்தம் ஒரு பெரிய காரணம்.

கடைசியாக ஒரு உறுதிச் சோதனை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை நேராக இன்ஜினில் ஒரு கனமான போல்ட்டிலும் கவ்வவிட்டேன். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் விர்ரென்று சுற்றியது. பையன் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்களா?" என்றான். மீட்டர் இல்லாதவர்கள் இந்தச் சோதனையை மட்டும் செய்தாலே போதும். ஜம்பர் கேபிள் போட்டதும் வேகம் கூடினால் எர்த்தைப் பாருங்கள், செல்ஃபைத் தொடாதீர்கள்.

ஒயரைக் கழற்றினேன். வெளியே பார்த்தால் கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். திம்பிளை ஒட்டி ரப்பரைக் கத்தியால் கீறிப் பிளந்தால் உள்ளே செம்புக் கம்பிகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. இழுத்தால் நூல் நூலாகப் பொடிந்து வந்தது. நல்ல கம்பியாக மிஞ்சியது கால்வாசிகூட இருக்காது. உப்புக்காற்றும் ஈரமும் திம்பிளின் வாய் வழியாக உள்ளே ஏறியிருக்கின்றன. பாடிப் பக்கம் போல்ட் உட்காரும் இடத்திலும் துரு படலமாகப் படிந்திருந்தது.

புது ஒயருக்கு 25 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வெல்டிங் கேபிள் அரை மீட்டர் வாங்கினேன். வெல்டிங் கேபிளில் மெல்லிய செம்புக் கம்பிகள் நிறைய இருப்பதால் நன்றாக வளையும், இன்ஜின் குலுங்கினாலும் முறியாது. இரண்டு முனைக்கும் ஈயம் பூசிய செம்புத் திம்பிள். சுத்தியலால் நசுக்காமல், எலக்ட்ரிக்கல் கடையில் கொடுத்து ஹைட்ராலிக் கிரிம்பிங் செய்து வாங்குங்கள். திம்பிளின் வாயை மூடுகிற மாதிரி உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பாடியிலும் கியர்பாக்ஸிலும் திம்பிள் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி. ஜெல்லியைக் கடைசியில்தான் தடவ வேண்டும். ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வு விட்டேன்.

மறுபடி அளந்தேன். இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2-க்குள் வந்துவிட்டது. செல்ஃப் மோட்டாரில் 9.8 வோல்ட். பேட்டரி முனையில் மட்டும் முன்பிருந்த 10.7 குறைந்து 10.3 காட்டியது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழியில் இருந்த தடை போனதால் மோட்டார் முன்பைவிடக் கூடுதலாகக் கரண்ட் எடுக்கிறது (கிளாம்ப் மீட்டரில் 130 ஆம்பியருக்குப் பக்கம்), அதனால் பேட்டரி கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது. ஓ.பி.டி. ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் வேகம் முன்பு நிமிடத்துக்கு 140 சுற்று, இப்போது 220-க்கு மேல்.

இதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் செல்ஃப் ஜோராகச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இரண்டாவது கோளாறு காதில் விழுந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் செல்ஃப் நாலைந்து விநாடி வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. பிறகு திடீரென்று பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் ஒரு குறையும் இல்லை. அணைத்துவிட்டு உடனே சாவியைத் திருப்பினால் தொட்டவுடன் ஸ்டார்ட். முன்பு செல்ஃபே முனகிக்கொண்டிருந்ததால் இந்தத் தாமதமும் அதன் கணக்கிலேயே சேர்ந்து போயிருந்தது.

இந்த இரண்டாவதுக்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. காலையில் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ம்ம்ம் என்று பம்ப் ஓடும் சத்தம் இரண்டு விநாடி கேட்கும். ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். என் வண்டி முதல் சுற்றிலேயே பிடித்தது. அப்படியானால் இரவில் பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். காலையில் பம்ப் குழாயை மறுபடி நிரப்பிப் பிரஷர் ஏற்றும் வரை இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரில் போதிய பெட்ரோல் இல்லை, செல்ஃப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

வேறு காரணங்களையும் ஒரு நடை பார்த்துவிட்டேன். ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் சென்சார் 27 டிகிரி, உள்ளே போகும் காற்றின் சென்சார் 28. ஆறிய இன்ஜினில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் பொய் சொன்னால் கம்ப்யூட்டர் ஆறிய இன்ஜினைச் சூடானது என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும், அப்போதும் இதே தாமதம் வரும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன், நான்கும் காய்ந்து இளம் பழுப்பு நிறத்தில் இருந்தன.

பிளக் காய்ந்திருந்தது எனக்கு ஒரு நல்ல துப்பு. பிரஷர் இறங்க மூன்று வழிதான் முக்கியமாக உண்டு. இன்ஜெக்டர் ஒழுகலாம், பிரஷரை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் விடலாம், பம்ப்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்காமல் போகலாம். இன்ஜெக்டர் ஒழுகினால் ஒரு பிளக்காவது நனைந்திருக்கும், ஸ்டார்ட் ஆனதும் புகையில் பச்சைப் பெட்ரோல் வாடை வரும். இங்கே இரண்டும் இல்லை. உறுதி செய்ய மெக்கானிக் நண்பரிடம் பிரஷர் கேஜ் வாங்கி லைனில் மாட்டினோம். சாவி ஆன் செய்ததும் 3 பார், ஆஃப் செய்த சில நிமிடங்களில் பூஜ்யத்துக்குப் பக்கம். அந்த கேஜ் செட்டில் டேங்க் பக்கத்தை அடைக்கிற ஒரு சின்ன வால்வு இருந்தது. பிரஷர் ஏறியதும் அதை மூடினால் முள் அசையாமல் நின்றது. ஒழுகல் டேங்குக்குள் என்று தெரிந்துபோனது. இந்த வண்டியில் ரெகுலேட்டர், ஃபில்டர், பம்ப் எல்லாம் டேங்குக்குள் ஒரே செட்டாக இருக்கிறது. எதில் ஒழுகினாலும் செட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பெட்ரோல் டேங்க் திறக்கும் வேலையில் அவசரமே கூடாது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துத் திறந்தவெளியில் செய்தோம். பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டால் லைனில் மிச்சமிருக்கும் பிரஷர் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரி நெகட்டிவ். பக்கத்தில் பீடி, அடுப்பு, கிரைண்டர் எதுவும் கிடையாது, செல்ஃபோனும் தூரத்தில். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில். பின் சீட்டைத் தூக்கினால் இந்த வண்டியில் பம்ப்புக்கு மேலே ஒரு மூடி இருக்கிறது. சில வண்டிகளில் அந்த மூடியே கிடையாது, டேங்கையே இறக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டி என்றால் லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் விடுவதுதான் நல்லது.

மூடிக்கு அடியில் வருடக்கணக்கான மண்ணும் தூசியும் அடையாக இருந்தன. பம்ப்பைத் தொடுவதற்கு முன்னால் அதை பிரஷ் போட்டுத் தள்ளி, துணியால் துடைத்து எடுங்கள். ஒரு பிடி மண் டேங்குக்குள் விழுந்தால் புது பம்ப்பும் சீக்கிரம் போய்விடும். பெரிய பிளாஸ்டிக் வளையத்தை இரும்பு உளியால் தட்டாமல் மரக்கட்டை வைத்துத் தட்டித் திருப்பினோம், பொறி பறக்கக் கூடாது. பம்ப்பைத் தூக்கும்போது அளவு காட்டும் மிதவையின் கம்பி வளையாமல் சாய்த்து எடுக்க வேண்டும். ரப்பர் வளையம் புதிதாகத்தான் போட வேண்டும். பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்பச் சரியாக உட்காராது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் ரப்பர் சமாசாரத்தில் சல்லிசாகக் கிடைப்பதை வாங்காமல் கம்பெனிப் பொருளே வாங்கினேன்.

மாட்டியதும் சீட்டைப் போட்டு மூடிவிடவில்லை. சாவியை ஆன், ஆஃப் என்று சில தடவை செய்து பிரஷர் ஏற்றி, வளையத்தைச் சுற்றியும் குழாய் சேரும் இடத்திலும் வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை, வாடை இல்லை. அப்புறம்தான் மூடி, சீட். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் அரை விநாடியில் பிடித்தது. கேஜில் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் 2.6 பார் நின்றது.

செலவில் பெரியது பம்ப் செட்தான், ஆறாயிரத்துச் சொச்சம். கழட்டிவிடலாம் என்று சொன்ன செல்ஃப் மோட்டார் இன்னும் அதே இடத்தில் அதே பிரஷ்ஷோடு ஓடிக்கொண்டிருக்கிறது. என்றைக்காவது அதுவும் தேயும். அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக 10.3, 9.8, 130 ஆம்பியர், 220 சுற்று என்ற எண்களைத் தேதியோடு எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் எர்த் ஒயரில் வோல்ட்டேஜை ஒருமுறை அளந்து அதற்குக் கீழே சேர்த்து எழுதிவிடுவேன்.